வீட்டுப் படங்களுக்கு எந்த மென்பொருள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இப்போது பல வீடுகளில் பழைய அல்பங்களை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். கைத்தொலைபேசிகளிலும் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அல்பத்தையும் தூக்கிக்கொண்டு போக எல்லோராலும் முடியவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் ஒரு படமும் மிஞ்சாத குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் எஞ்சியிருக்கும் பத்துப் படங்களும் பெரிய சொத்து. அவற்றை எதில் ஒழுங்குபடுத்துவது, எதில் திருத்துவது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் போட்டோஷொப் என்பதுதான். அந்தப் பதில் கேள்விக்குப் பொருந்தாது. போட்டோஷொப் ஒரு படத்தைத் திறந்து திருத்தும் கருவி. நாலாயிரம் படங்களுக்குள் பெரியப்பாவின் கலியாணப் படத்தைத் தேடி எடுத்துத் தருவது அதன் வேலை அல்ல. ஒழுங்குபடுத்தும் மென்பொருள் வேறு, திருத்தும் மென்பொருள் வேறு. வீட்டுப் பாவனைக்கு முதலில் வேண்டியது ஒழுங்குபடுத்துவதே. அதைத் தெரிவுசெய்வது பற்றிச் சில விபரங்களை எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மென்பொருளைத் தெரிவுசெய்யும்போது அழகான திரை, எத்தனை வடிகட்டி, இலவசமா இல்லையா என்றெல்லாம் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த மென்பொருள் நாளைக்கு இல்லாமற் போனால், நான் இருந்து இருந்து தட்டச்சு செய்த பெயர்களும் திகதிகளும் எங்கே நிற்கும்? இது வீண் பயம் அல்ல. கூகுள் 2004இல் வாங்கிய பிக்காசா, வீட்டுப் பாவனையாளர்கள் பலர் விரும்பிப் பயன்படுத்திய மென்பொருள். 2016 மார்ச்சில் அதன் கணினிப் பதிப்புக்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. மைக்ரோசொப்டின் போட்டோ கலரிக்கும் 2017 ஜனவரியில் அதே முடிவு. பிக்காசாவில் முகங்களுக்குப் பெயரிட்டு, அல்பங்களாகப் பிரித்து வைத்தவர்களின் உழைப்பு, வழக்கமான அமைப்பில், படங்களுக்குள் எழுதப்படவில்லை. மென்பொருளின் தரவுத்தளத்திலும் போல்டர்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கோப்புகளிலும் கிடந்தது. புதுக் கணினிக்குப் படங்களை மட்டும் பிரதிசெய்தவர்களுக்குப் படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை.

பெயரும் திகதியும் படத்தின் கோப்புக்குள்ளேயே எழுதப்பட இடம் இருக்கிறது. வழக்கமான படக்கோப்பு வகையான ஜேபெக் கோப்பில் படத்தின் புள்ளிகளோடு தகவலுக்கென்றும் இடம் உண்டு. எக்சிப் என்ற பிரிவில் கமரா தானாகவே படமெடுத்த நேரம், லென்ஸ், இடம் முதலியவற்றை எழுதும். எக்ஸ்எம்பி, ஐபிடிசி என்ற பிரிவுகளில் நாம் தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள் (தேடுவதற்கென இடும் சிறு சொற்கள்), ஆட்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதலாம். இவை பொதுத் தரங்கள். இங்கே எழுதியதை வேறு மென்பொருளும் வாசிக்கும். ஆகவே எந்த மென்பொருளையும் ஏற்குமுன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். பத்துப் படங்களைப் புதிய போல்டர் ஒன்றில் பிரதிசெய்து, பெயர்களையும் குறிச்சொற்களையும் இட்டு, மென்பொருளை மூடிவிடுங்கள். பிறகு விண்டோஸில் அந்தப் படத்தின் மேல் வலது சொடுக்குச் செய்து, புரொப்பர்ட்டீஸ், அதில் டீடெயில்ஸ் என்ற பக்கத்தைத் திறவுங்கள். டாக்ஸ் என்ற வரியில் நீங்கள் இட்ட பெயர் தெரிந்தால் அது படத்துக்குள் இருக்கிறது. தெரியாவிட்டால், அமைப்பில் எங்காவது அதை இயக்கும் தெரிவு உண்டா என்று தேடுங்கள். அப்படி ஒரு தெரிவே இல்லையென்றால் அந்த மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இந்தச் சோதனையில் தேறி, காசும் கேட்காமல், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுவது டிஜிகாம். வீட்டுக்கு என் முதல் சிபாரிசு அதுதான். திறந்தமூல மென்பொருள், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து வளர்க்கப்படுவது. முதன்முறை திறக்கும்போது சில கேள்விகள் கேட்கும். படங்கள் இருக்கும் போல்டர் எது என்று கேட்கும்போது, சி டிரைவில் சிதறிக் கிடப்பவற்றை எல்லாம் காட்டாமல், முன்கூட்டியே ஒரே போல்டரில் சேர்த்து அதைக் காட்டுங்கள். தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட் என்பதைத் தெரிவுசெய்து, அதைக் கணினியின் உள் டிஸ்கிலேயே வையுங்கள். கழற்றிப் பூட்டும் டிஸ்கில் வைத்தால், இடையில் வயர் கழன்றாலோ மின்சாரம் போனாலோ தரவுத்தளம் பழுதாகலாம். தகவலைக் கோப்புகளில் சேர்ப்பதா என்று கேட்கும் பக்கந்தான் முக்கியம். அங்கே சேர்க்கும்படி தெரிவுசெய்யுங்கள். அவசரத்தில் தாண்டிவிட்டால் பிறகு செட்டிங்ஸில் மெட்டாடேட்டா என்ற பகுதிக்குப் போய், குறிச்சொற்கள், விளக்கம், நேரம், முகக்குறி ஆகியவற்றுக்கு நேரே அடையாளமிடலாம்.

டிஜிகாமின் முகம் அறியும் வசதிக்கான கோப்புகள் தனியாக இறங்கும். சில நூறு எம்பி வரும், ஆகவே டேட்டா அதிகமுள்ள நேரத்தில் இறக்குங்கள். முகந்தேடும் வேலை கணினியை வாட்டும். 4 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் பத்தாயிரம் படங்களை ஒரேயடியாகக் கொடுத்தால் அது திக்குமுக்காடி நின்றுவிடும். ஓர் ஆண்டின் போல்டரை மட்டும் தெரிவுசெய்து இரவில் ஓடவிடுங்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வயதில் எடுத்த பத்துப் பன்னிரண்டு முகங்களுக்கு நீங்களே பெயரிட வேண்டும். அதன்பின் அது காட்டும் ஊகங்களைச் சரி, பிழை என்று உறுதிசெய்தால் போதும். சகோதரிகளை மாற்றி மாற்றிக் காட்டும், திருநீறு பூசிய நெற்றியும் தாடியும் உள்ள முகங்களில் தடுமாறும். ஊகத்தைப் பார்க்காமல் மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஒருமுறை பிழையாக உறுதிசெய்த முகம் அடுத்த ஊகங்களையும் கெடுக்கும்.

கணினி மிகப் பழையது, முகந்தேடுதல் வேண்டாம் என்பவர்களுக்கு எக்ஸ்என்வியூ எம்பி போதும். தனிப்பட்ட பாவனைக்கு இலவசம், வேகமானது. ஆனால் அதில் இடும் வகைகளைப் படத்துக்குள்ளும் எழுதும் தெரிவை அமைப்பில் தேடி இயக்க வேண்டும். விண்டோஸோடு வரும் போட்டோஸ் செயலி படம் பார்க்க உதவும், ஒழுங்குபடுத்தப் போதாது.

பெயரிடுவதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. மென்பொருள் வழிகாட்டிகளில் இவை இருப்பதில்லை. முதலாவது எழுத்துரு. இங்கு அச்சகங்களிலும் கணினி நிலையங்களிலும் பாமினியில் தட்டச்சுப் பழகியவர்கள் அதிகம். பாமினியில் தட்டிய பெயர் உண்மையில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது, எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. படத்தின் தகவற் பகுதியில் எழுத்துருவைத் தெரிவுசெய்ய இடமில்லை. அதனால் பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே நிற்கும், தேடினாலும் அகப்படாது. எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடிலேயே தட்டுங்கள். விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் விசைப்பலகை அதிலேயே கிடைக்கும்.

இரண்டாவது நீளம். ஐபிடிசி பழைய தரம். அதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யுனிகோடுத் தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் போகும். 'கி' என்பது 'க' என்ற எழுத்தும் விசிறிக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆகவே 6 பைட். கணக்குப் பார்த்தால் பத்துப் பதினைந்து எழுத்துக்குள் இடம் முடிந்துவிடும். 'வல்வெட்டித்துறை முத்துமாரி அம்மன் தேர்த்திருவிழா' என்று ஒரே குறிச்சொல்லாக எழுதினால், ஐபிடிசியை மட்டும் வாசிக்கும் மென்பொருளில் பாதியில் அறுந்து நிற்கும். எக்ஸ்எம்பியில் இந்தத் தடை இல்லை. இடம் ஒரு குறிச்சொல், கோயில் ஒரு குறிச்சொல், தேர் ஒரு குறிச்சொல் என்று பிரித்து இடுங்கள். தேடுவதற்கும் அதுதான் வசதி.

மூன்றாவது, உறவுமுறையைப் பெயராக இடாதீர்கள். உங்களுக்கு அப்பம்மா, உங்கள் மச்சாளுக்கு அம்மம்மா, கனடாவிலிருந்து அதே படத்தைப் பார்க்கும் பூட்டப்பிள்ளைக்குப் பூட்டி. குறிச்சொல்லில் முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர் மூன்றும் வரட்டும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலுபேர் இருப்பது நமக்குப் புதிதல்ல. கலியாணத்தின்பின் பெயர் மாறிய பெண்களுக்குத் தகப்பன் பெயரையும் கணவன் பெயரையும் இரண்டு குறிச்சொல்லாக இடலாம். வீட்டில் கூப்பிடும் பெயரை விளக்கத்தில் எழுதுங்கள். பழைய ஆட்களைத் தெரிந்தவர்கள் அந்தப் பெயரால்தான் தேடுவார்கள்.

திகதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், மிகுதியாகக் குழம்புவது அதில்தான். ஸ்கான் செய்த படத்துக்கு ஸ்கான் செய்த நாளே திகதியாக விழும். 1968இல் எடுத்த படம் இந்த ஆண்டின் நல்லூர்த் திருவிழாப் படங்களுக்கு நடுவே வந்து நிற்கும். டிஜிகாமில் படங்களை மொத்தமாகத் தெரிவுசெய்து, ஐட்டம் பட்டியலில் உள்ள நேரந் திருத்தும் கருவியால் படமெடுத்த திகதியை மாற்றுங்கள். கோப்பின் திகதியை மட்டும் மாற்றுவது பயனில்லை. பென் டிரைவிலும் வெளி டிஸ்கிலும் வரும் எக்ஸ்பாட் என்ற கோப்புச் சேமிப்பு முறையில் கோப்பின் திகதி 1980க்கு முன்னால் போகாது. எக்சிப் திகதிக்கு அந்தத் தடை இல்லை, அங்கே 1952 என்று எழுதலாம். ஆண்டு மட்டும் தெரிந்த படத்துக்கு ஜனவரி 1 என்று இட்டு, 'திகதி ஏறத்தாழ' என்ற குறிச்சொல்லையும் சேருங்கள். இல்லாவிட்டால் பின்னொரு நாளில் யாராவது அதை உண்மையான நாள் என்று நம்பிப் பிறந்தநாட் கணக்குப் பார்ப்பார்கள்.

போல்டர்களுக்கு ஆண்டை முன்னால் வைத்துப் பெயரிடுங்கள்: 1983-05 சாமத்தியவீடு, 2004-08-22 தேர். ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் எந்தக் கணினியிலும் தானாகவே காலவரிசையில் நிற்கும். நாளை முன்னால் எழுதினால் எல்லா ஆண்டுகளின் முதலாந் திகதிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அடுத்தது கூகுள் போட்டோஸ். பெரும்பாலானோருக்குத் தாங்கள் அதைத் தெரிவுசெய்ததே தெரியாது, தொலைபேசியோடு வந்தது. தேடுவதில் அதை மிஞ்ச வீட்டு மென்பொருள் இல்லை. வெளிநாட்டு உறவுகளோடு பகிரவும் நல்லது. ஆனால் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடம் இல்லை. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்குமாக 15 ஜிபி. ஒரு படம் 3 முதல் 5 எம்பி என்றால் மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் நிரம்பிவிடும். வீடியோ இருந்தால் இன்னும் விரைவு. நிரம்பிய பிறகு புதுப் படங்கள் மேலே, அதாவது கூகுளின் கணினிகளுக்கு, ஏறுவது நின்றுவிடும். மின்னஞ்சலும் வராமற் போகும். இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத கணக்கை நீக்கும் உரிமையையும் கூகுள் வைத்திருக்கிறது. இறந்துபோனவரின் தொலைபேசிக் கணக்கில் படங்கள் இருந்தால் இதை மனதில் வைத்திருங்கள்.

அழிப்பதில்தான் பலருக்கு இழப்பு வருகிறது. 'பிரீ அப் ஸ்பேஸ்' என்ற பொத்தான், மேலே ஏற்றப்பட்ட படங்களைத் தொலைபேசியிலிருந்து மட்டும் நீக்கும், மேலே அவை இருக்கும். அதே செயலியில் படத்தைத் தெரிவுசெய்து குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால் தொலைபேசியிலும் போகும், மேலேயும் போகும். மேலே ஏற்றிய படம் குப்பையில் 60 நாள் கிடக்கும், ஏற்றாத படம் 30 நாள். அதற்குப் பிறகு மீட்க முடியாது. தொலைபேசியில் இடம் போதாதென்று மேலே இருக்கிறதுதானே என்ற நம்பிக்கையில் அழிப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்திருக்க வேண்டும். ஐபோனில் 'ஒப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கினால் தொலைபேசியில் சிறிய பிரதியே நிற்கலாம், முழுப்படம் அப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் இருக்கும். அந்த நிலையில் வயரைப் பூட்டிப் பிரதிசெய்தால் எல்லாம் வராது. முதலில் 'டவுன்லோட் அன்ட் கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றி, வைஃபையில் விட்டு, முழுவதும் இறங்கிய பிறகு பிரதிசெய்யுங்கள். தொலைபேசியில் அதற்கு இடம் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள்.

கூகுளிலிருந்து எல்லாவற்றையும் இறக்க டேக்அவுட் என்ற வசதி உண்டு. கமரா எழுதிய தகவல் படத்துக்குள் அப்படியே வரும். நீங்கள் அந்தச் செயலிக்குள் திருத்திய திகதியும் எழுதிய விளக்கமும் படத்துக்குள் வராமல் பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பில் வரும். மேலே சொன்ன சோதனையில் கூகுள் போட்டோஸ் தேறுவதில்லை. ஆகவே அதைப் பார்ப்பதற்கும் பகிர்வதற்கும் வைத்துக்கொண்டு, பெயரும் திகதியும் இடும் வேலையைக் கணினியில் செய்யுங்கள்.

காசுக்கு வாங்கும் மென்பொருளில் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் மிகத் தரமானது. கலியாணவீட்டுக் கமராக்காரர்களுக்கும் கமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே வைக்கும் றோ கோப்பில் படமெடுப்பவர்களுக்கும் ஏற்றது. ஆனால் மாதச் சந்தா, அதுவும் டொலரில். 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியதை நாம் பார்த்தோம். சந்தா முடிந்தால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், திருத்தும் பகுதி பூட்டப்படும். அதிலும் குறிச்சொற்கள் முதலில் அதன் தரவுத்தளமான கட்டலொக்கில்தான் நிற்கும். கட்டலொக் செட்டிங்ஸில் எக்ஸ்எம்பியில் தானாக எழுதும் தெரிவை இயக்க வேண்டும். ஒருமுறை காசு கட்டினால் போதும் என்று பலரும் வாங்கிய போட்டோஷொப் எலிமென்ட்ஸும் 2025 பதிப்பிலிருந்து மூன்று வருட உரிமம் ஆகிவிட்டது. றோ கோப்பை இலவசமாகத் திருத்த டார்க்டேபிள் இருக்கிறது. பழகக் கடினம், பழகினால் குறைவில்லை.

பூட்டுடைத்த திருட்டுப் பிரதிகளை வீட்டுக் கணினியில் ஏற்றவே வேண்டாம். அவற்றோடு வரும் நச்சு நிரல்களில் ஒருவகை, கணினியிலுள்ள கோப்புகள் முழுவதையும் பூட்டிவிட்டுக் காசு கேட்கும். அது முதலில் பிடிப்பது படங்களையும் ஆவணங்களையும்தான். இலவசமாகச் சட்டப்படி கிடைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு?

திருத்தும் வேலைக்கு வருகிறேன். வெட்டுதல், அளவு குறைத்தல், நூறு படங்களுக்கு ஒரேயடியாகப் பெயர் மாற்றுதல் எல்லாவற்றுக்கும் இர்பான்வியூ போதும். மிகச் சிறியது, எந்தப் பழைய கணினியிலும் ஓடும். பக்கவாட்டில் விழுந்த படத்தைத் திருப்பும்போது சாதாரணமாகத் திருப்பிச் சேமிக்காமல், ஜேபெக் லொஸ்லெஸ் என்ற தெரிவால் திருப்புங்கள். ஜேபெக் படத்தைத் திறந்து மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுருக்கப்பட்டுக் கொஞ்சம் நுணுக்கம் போகும். லொஸ்லெஸ் முறையில் சுருக்கிய கட்டங்களை அப்படியே இடம் மாற்றுவதால் ஒன்றும் போகாது.

மங்கிய பழைய படங்களுக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் வடிகட்டிகளைப் பிறகும் மாற்றும் வசதி வந்துவிட்டது, ஆகவே பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளலாம். 1970களிலும் 80களிலும் அச்சிட்ட வண்ணப் படங்கள் அல்பத்துக்குள் இருந்தே சிவந்து போவதற்குக் காரணம், அச்சிலுள்ள மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவது. பிரைட்னஸைக் கூட்டுவதால் இது தீராது. கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸைத் திறந்து, சனல் என்ற இடத்தில் சிவப்பைத் தெரிவுசெய்து, வரைபடம் தொடங்கும் இடம்வரை இடப்பக்க முக்கோணத்தை உள்ளே இழுங்கள். வலப்பக்கத்தையும் வரைபடம் முடியும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே செய்யுங்கள். பெரும்பாலான படங்களில் சேலையின் நிறம் திரும்பிவிடும். வெடிப்புக்கும் பூஞ்சணப் புள்ளிக்கும் ஹீல் கருவி. கொன்ட்ரோலை அழுத்தியபடி பக்கத்திலுள்ள நல்ல இடத்தைச் சொடுக்கி, சிறிய தூரிகையால் புள்ளி புள்ளியாகத் தொடுங்கள். ஜிம்பில் சேவ் கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்சிஎப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட், தரம் 90க்கு மேல். ஸ்கான் செய்த மூலக்கோப்பின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள். திருத்தியது வேறு பெயரில் இருக்கட்டும்.

ஸ்கான் நன்றாக இல்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. 4க்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கான் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் கிடைக்கும், இரட்டை அளவில் அச்சிடவும் போதும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே ஸ்கான் செய்யுங்கள். மஞ்சட் கறையைப் பிறகு நீக்க அது உதவும். சுருக்காத டிப் முறையில் சேமித்தால் ஒரு படம் 26 எம்பி அளவு, 500 படங்களுக்கு 13 ஜிபி. இன்றைய டிஸ்க்குகளுக்கு அது ஒன்றும் பெரிதல்ல. படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் பேனையால் எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப் பிடித்த படத்தைப் பிய்த்தெடுக்க வேண்டாம், மேற்படை கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்து, நிழலான வெளிச்சத்தில், கமராவால் படமெடுப்பதே நல்லது.

செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கித் தரும் கைத்தொலைபேசிச் செயலிகளைப் பற்றிக் கவலையோடு எழுதுகிறேன். மங்கலான முகத்தில் இல்லாத நுணுக்கத்தை அவை எங்கிருந்தும் மீட்பதில்லை. வேறு இலட்சக்கணக்கான முகங்களில் கற்றதைக்கொண்டு கண், பல், தோல் ஆகியவற்றைப் புதிதாக வரைகின்றன. பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அது அந்த மனிதரின் முகம் அல்ல. அவரை நேரில் காணாத பேரப்பிள்ளைகள் அந்தப் புது முகத்தையே அவர் என்று நம்புவார்கள். ஒரேயொரு படம் மட்டும் எஞ்சிய ஒருவருக்கு இதைச் செய்வது பெரிய பிழை. மங்கலாக இருந்தாலும் மூலப்படம் இருக்கட்டும். செயலியால் செய்த படத்தை வைத்திருக்க விரும்பினால் குறிச்சொல்லில் அப்படியே எழுதி வையுங்கள்.

மரண அறிவித்தல், நினைவஞ்சலிப் பக்கங்களிலும் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவுநூலான கல்வெட்டுகளிலும் படங்கள் கட்டங்கட்டமாக உடைந்து தெரிவதற்குப் பெரும்பாலும் வட்ஸ்அப்தான் காரணம். அது படத்தைச் சுருக்கி அனுப்பும், படமெடுத்த திகதியையும் அழித்துவிடும். வந்த படத்தைத் திரையில் பிடித்து, அதை வெட்டி, மீண்டும் அனுப்பும்போது இன்னும் கெடும். எச்டி என்று கொடுத்தாலும் சுருக்கம் உண்டு. இணைக்கும் குறியை அழுத்தி டொகியூமென்ட் என்ற வழியால் அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போகும். 8 சென்ரிமீற்றர் அகலத்தில் 300 டிபிஐக்கு 945 பிக்சல் வேண்டும். கல்வெட்டின் முழுப்பக்கத்துக்கு 14 சென்ரிமீற்றர் என்றால் 1650 அளவு. வெட்டிய பிறகு முகப்பகுதியில் இவ்வளவு மிஞ்ச வேண்டும். தங்கள் விளம்பரப் பிரிவினர் படத்தை இவ்வாறு அனுப்பும்படி அறிவித்தற் பக்கத்தில் இரண்டு வரி போட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

ஆவணமாகப் பெறுமதியுள்ள படங்கள் வைத்திருப்பவர்கள், பழைய பாடசாலை, வாசிகசாலை, கூத்து, துறைமுகம் போன்றவை இருந்தால், ஒரு பிரதியை நூலக நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திவரும் நிறுவனம் அது. பெயரும் இடமும் ஆண்டும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் அவர்களுடைய வேலையும் இலகுவாகும்.

கடைசியாகப் பிரதி. ஒன்று கணினியில், ஒன்று வெளி டிஸ்கில், ஒன்று வேறு வீட்டில். மூன்றாவதற்கு நமக்கு வசதி உண்டு. ஓகஸ்டில் திருவிழாவுக்கு வந்து போகும் உறவினரிடம் டிஸ்கைக் கொடுத்துவிட்டால் அது ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும். எக்ஸ்பாட் முறையில் போர்மட் செய்தால் மக்கிலும் விண்டோஸிலும் வாசிக்கும். பிரதி எடுக்க பிரீபைல்சிங்க் நல்லது. அதில் மிரர் என்ற முறை கணினியில் தவறுதலாக அழிந்ததை டிஸ்கிலும் அழித்துவிடும், அப்டேட் என்ற முறை அழிக்காது. படங்களுக்கு அப்டேட்டே ஏற்றது. பிரதி முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வையுங்கள். மாரியில் இடி மின்னல் நேரத்தில் பூட்டியபடி விட்ட டிஸ்கும் கணினியோடு சேர்ந்து எரியும். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்தால் தரவை இழக்கக்கூடும், ஆகவே அலுமாரியில் வைப்பதற்குச் சுழலும் டிஸ்கையே வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை அதைப் பூட்டி, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து இருபது படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். சின்னப் படமாகத் தெரிவது போதாது. உள்ளே பழுதான கோப்புகூடச் சின்னப் படமாகச் சரியாகத் தெரியலாம்.

இங்ஙனம்,
வாசகர்,
கொக்குவில்.